சுண்ணாம்புப் பொட்டு வைத்த தகரங்கள்

20.8.1990, திங்கள்

பூகோள நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். அப்பா என் கணக்கு நோட்டைத்தான் எடுத்துப் பார்ப்பார். பூகோளத்தைத் தொடமாட்டார்.

ரத்தினம் டீச்சர் பேச்சுப் போட்டிக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டார். அக்டோபரில் போட்டி. தலைப்பு ‘அந்நிய எண்ணெயும் நம் நாடும்’. குவைத்தில் சண்டை வந்துவிட்டது, இனி எண்ணெய்க் கப்பல் ஒழுங்காக வராது என்றார். கப்பல் நின்றால் லாரி நிற்கும், பஸ் நிற்கும், கிணற்றடி ஆயில் எஞ்சின் நிற்கும். “திருச்சுழியில ஒரு விளக்கு எரியணும்னா கடல் தாண்டி எவனோ மனசு வைக்கணுமா? இதத்தான் நீ கேக்கணும்” என்றார். பம்பாய்க் கடலில் நாம் தோண்டிய கிணறு, கயத்தாறு பக்கம் நட்டிருக்கும் காற்றாடி, சாண எரிவாயு என்று மூன்று பக்கம் எழுதித் தந்திருக்கிறார். கடைசிப் பத்தி பதுக்கலைப் பற்றி.

மேடை என்றாலே எனக்குப் பயம்.

26.8.1990, ஞாயிறு

இதை எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

அம்மா அருப்புக்கோட்டைக்கு ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தாள். மதியம் அப்பா கடையை அடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். எங்கள் கடையில் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் விற்கிறோம். கார்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றவும் அப்பாவுக்கு லைசென்ஸ் உண்டு. அந்த மண்ணெண்ணெயைக் காலி நல்லெண்ணெய்த் தகரங்களில் ஊற்றினார். நான் புனலைப் பிடித்தேன். பன்னிரண்டு தகரம். நல்லெண்ணெய்த் தகரங்களில் இருப்பது போலவே மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றினார். மெழுகுவத்தியைக் கொளுத்தியபோது நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

பிறகு எல்லாவற்றையும் நான் படுக்கிற உள் அறையில், நிஜ நல்லெண்ணெய்த் தகரங்களோடு கலந்து அடுக்கினார். அடையாளத்துக்கு அடியோரத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பால் ஒவ்வொரு பொட்டு.

“தீபாவளிக்குள்ள வெல ரெண்டு மடங்கு ஏறும் பாரு. யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது. உங்க அம்மாகிட்டயும்தான். அவ வாயி ஊரு வாயி.”

சரி என்றேன்.

27.8.1990

கடை வாசலில் ‘மண்ணெண்ணெய் ஸ்டாக் இல்லை’ என்று அட்டை தொங்குகிறது. எழுதியது நான்தான். என் கையெழுத்து நன்றாக இருக்குமாம்.

3.9.1990, திங்கள்

எங்களுக்குக் கடையில் மட்டும்தான் கரண்ட் பல்பு. உள் அறையில் இனி விளக்கு ஏற்றமாட்டேன். அடுப்படியில் அம்மா விட்டுவைக்கும் சிமினி விளக்கடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் இருட்டில் தடவிப்போய்ப் படுக்கிறேன். பாய்க்கும் தகரத்துக்கும் ஒரு முழம்கூட இல்லை. ஒன்று கசிந்தால்? எலி மெழுகைத் தின்னுமா? தின்னும் என்று நினைக்கிறேன்.

14.9.1990

முருகேஸ்வரி பரளச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து என் பக்கத்து இடத்தில் உட்காருகிறவள். காலாண்டுப் பரீட்சைக்கு எங்கே படிக்கிறாய் என்று கேட்டேன். அவர்கள் தெருவுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை.

“அம்மன் கோயில் வெளக்குலதான். எங்கய்யாதான பூசாரி, வெரட்ட மாட்டாக. வீட்டுல மண்ணெண்ண தீந்து மூணு வாரமாச்சு. உங்க கடையில எப்ப வரும் செல்வி?”

“தெரியல” என்றேன். அவள் முன்முடியில் எண்ணெய்ப் புகை வாசம் அடித்தது.

19.9.1990

ஒத்திகை. பதுக்கல் பத்தி வந்ததும் குரல் நின்றுவிட்டது. “என்னடி, முள்ளு கிள்ளு மாட்டிக்கிருச்சா?” என்றார் டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள்.

28.9.1990, வெள்ளி, சரஸ்வதி பூஜை

சாமி, என்ன செய்வேன்.

அப்பா வசூலுக்கு விருதுநகர் போனவர், நாளைதான் வருவார். காலையில் அம்மா சேலையைச் சொருகிக்கொண்டு பூஜைக்கு இறங்கினாள். தராசு, படிக்கல், புனல் எல்லாவற்றையும் புளிபோட்டு விளக்கினாள். பிறகு ஈரத்துணியோடு உள் அறைக்குள் போனாள். “ஒரு வருஷப் பிசுக்கு! லட்சுமி எப்படி வருவா?” ஒவ்வொரு தகரமாக அடி முதல் மூடி வரைக்கும் துடைத்தாள். சுண்ணாம்புப் பொட்டு ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வாய் வரைக்கும் வந்தது. அம்மாகிட்டயும்தான் என்று அப்பா சொன்னாரே. முப்பது தகரத்துக்கும் ஒரே மாதிரி விபூதி, சந்தனம், குங்குமம். எது எது என்று இனி யாருக்கும் தெரியாது.

மத்தியானம் முருகேஸ்வரியின் ஐயா சங்கையா சைக்கிளில் வந்தார். வருஷா வருஷம் பூஜையன்று பரளச்சி அம்மன் விளக்குக்கு எங்கள் கடையிலிருந்து ஒரு தகரம் நல்லெண்ணெய் போகும். அம்மா முன்வரிசையில் ஒன்றைக் காட்டி, “எடுத்துக்கோங்க பூசாரியய்யா” என்றாள்.

எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முப்பதில் பன்னிரண்டு. நல்லதாகவும் இருக்கலாம் அல்லவா? இருக்கலாம்.

29.9.1990, சனி

நல்லதாக இல்லை.

அப்பா வந்தார், உள் அறையைப் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டு தகரங்களைத் தராசில் ஏற்றினார். மண்ணெண்ணெய் எடை குறைவு. பதினொன்றுதான் தேறியது.

“அம்மா தொடைக்கையில நீ அங்கதான நின்ன?”

“ஆமா.”

“சொல்றதுக்கென்ன? வாயில என்ன வச்சிருந்த?”

“நீங்கதான மூச்சு விடக் கூடாதுன்னீக.”

அடிப்பார் என்று கண்ணை மூடினேன். அடிக்கவில்லை. திறந்து பார்த்தால் தகரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

“பரளச்சிக்குப் போய்ச் சொல்லிருவோம்ப்பா.”

“என்னன்னு சொல்ல? எண்ணெத் தகரத்துல மண்ணெண்ண எப்படி வந்துச்சுன்னு கேப்பான்ல? தாலுகா ஆபீசு வரைக்கும் போகும். லைசென்ஸு போயி நானும் உள்ள போகணும். சங்கையாவுக்கு மூக்கு இல்லையா? தொறந்ததும் மோந்து பாத்துட்டுத் தெரிஞ்சுக்கிருவாரு.”

அப்பா சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

இப்போதுதான் ஞாபகம் வருகிறது. சங்கையா பேச்சுக்குப் பேச்சு மூக்குப்பொடி போடுகிறவர். முருகேஸ்வரியே சொல்லிச் சிரித்திருக்கிறாள், கருவாட்டுக்கும் கற்பூரத்துக்கும் எங்கய்யாவுக்கு வித்தியாசம் தெரியாது என்று.

அந்த விளக்கடியில்தானே அவள் படிக்கிறாள். கோயிலுக்கு ஓலைக் கூரை.

30.9.1990, ஞாயிறு

காலாண்டு லீவு. பள்ளிக்கூடம் புதன்கிழமைதான். பழைய எண்ணெய் தீர்ந்த பிறகுதானே புதுத் தகரத்தைத் திறப்பார்கள்? எத்தனை நாளைக்கு வரும்? இரண்டா? மூன்றா?

காட்டிக் கொடுத்தால் அப்பா ஜெயிலுக்குப் போவார். காட்டிக் கொடுக்காவிட்டால் —

எழுத வரவில்லை.

1.10.1990, திங்கள்

செய்துவிட்டேன். இந்த நோட்டிலிருந்துதான் தாளைக் கிழித்தேன்.

‘முருகேஸ்வரி, கோயில் தகரத்தில் இருப்பது நல்லெண்ணெய் இல்லை. கொளுத்த விடாதே. நீயும் கிட்டப் போகாதே.’

பெயர் போடவில்லை. நாலு மணி பஸ் கண்டக்டரிடம் கொடுத்து, பரளச்சிப் பூசாரி மகளிடம் சேர்க்கச் சொன்னேன். “லவ் லெட்டரா பாப்பா?” என்று சிரித்தார். பரீட்சைக் கேள்வி என்றேன். காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டார். கொடுப்பாரா? கீழே விழுந்து வேறு யாராவது படித்தால்?

2.10.1990

கடைக்கு வந்த ஒருவர் அப்பாவிடம் சொன்னார்: “பரளச்சியில நேத்து பொழுதடையயில ஏதோ தீயாம்ல அண்ணாச்சி.” அப்பா கையிலிருந்த படி நழுவியது. மேற்கொண்டு அவருக்குத் தெரியவில்லை, பஸ்ஸில் காதில் விழுந்ததாம்.

அப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

3.10.1990, புதன்

முருகேஸ்வரி வரவில்லை. பெயர் கூப்பிட்டபோது பதில் இல்லை.

4.10.1990, வியாழன்

வந்தாள். வந்துவிட்டாள். இரண்டு கையும் இரண்டு காதும் அப்படியே இருக்கின்றன. நான் அழுததைப் பார்த்து, “எழவு வீடா இது?” என்றாள்.

சீட்டு அவள் கைக்குப் போய்ப் படித்துவிட்டு ஓடுவதற்குள் சங்கையா ஊற்றித் தீக்குச்சியும் கிழித்துவிட்டாராம். குப்பென்று ஆளுயரம் எழும்பியதாம். அவள் கத்தியதில் அவர் திரும்பியிருக்கிறார், முகம் தப்பியது. வாசல் மணலை அள்ளிக் கொட்டி இவளே அணைத்திருக்கிறாள்.

“மீச பாதி போச்சு. கையில கொப்புளம். அதான் நேத்து ஆடு பத்திக்கிட்டு மேய்க்க நான் போனேன். எங்காத்தா சிரிச்சுச் சிரிச்சு மஞ்சப் பத்துப் போடுது.”

மீதித் தகரத்தை ஊர்க்காரர்கள் வீட்டுக்கு அரைப் பாட்டில் என்று பங்கு வைத்துக்கொண்டார்களாம். ஆபீசருக்குத் தெரியாமல் ஏழைகளுக்குச் சேரட்டும் என்றே அண்ணாச்சி எண்ணெய்த் தகரத்தில் வைத்துக் கொடுத்தார் என்று ஊரெல்லாம் பேச்சு.

பிறகு மெதுவாகக் கேட்டாள். “தெரிஞ்சுதான் குடுத்தாகளா செல்வி?”

“இல்ல.”

அவள் பையிலிருந்து சீட்டை எடுத்து என் கையில் வைத்தாள். “உன் எழுத்துன்னு எனக்குத் தெரியாதா? உங்க கட அட்டையிலயும் இதே ‘ல்’லுதான. நீயே வச்சுக்க. நான் யாருகிட்டயும் சொல்லல.”

அட்டையை நான்தான் எழுதினேன் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை நாளும் தெரியும்.

6.10.1990, சனி

சங்கையா பாதி மீசையோடு வந்தார். கூடவே பரளச்சிக்காரர்கள் பத்துப் பேர், கையில் ஒரு கதம்ப மாலை. கடைவீதி நடுவில் நின்று, “இந்தக் கஷ்ட காலத்துல யாருக்கு வரும் இந்த மனசு!” என்று அப்பா கழுத்தில் போட்டார்கள். அப்பா மாலைக்குள் வேர்த்து நின்றார். எனக்கு அட்டையைப் பார்க்கவே பயம். கழற்றி வைக்கவும் பயம்.

பக்கத்துக் கடை மாரிச்சாமி விடவில்லை. “ஸ்டாக் இல்லன்னு போர்டு, பரளச்சிக்கு மட்டும் தர்மமா அண்ணாச்சி? நாங்கள்லாம் வெளக்கு வைக்கிறதில்லையா?”

8.10.1990, திங்கள்

விடிந்தபோது கடை வாசலில் காலிப் பாட்டில்கள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரிசையாக நின்றன. நரிக்குடி, பரளச்சி, எல்லா ஊரும். அப்பா கதவிடுக்கு வழியாக வெகுநேரம் பார்த்தார். பிறகு உள் அறைக்கு வந்தார்.

“புனலை எடு தாயி.”

பதினொரு தகரமும் கார்டு விலைக்கே போயிற்று. அப்பா ஒருவரிடமும் நிமிர்ந்து பேசவில்லை. எந்த நேரம் ஜீப் வருமோ என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. வரமாட்டார்கள் என்று இன்னும் சொல்ல முடியாது.

17.10.1990

நேற்று முன்தினம் பெட்ரோல் விலை ஏறியது. பேப்பரைப் பார்த்து அப்பா பெருமூச்சு மட்டும் விட்டார்.

இன்று போட்டி. கடைசிப் பத்தியில் டீச்சர் எழுதித் தந்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எண்ணெய் இல்லாத ஊரில் ஒரு பெண் எந்த விளக்கில் படிக்கிறாள், அங்கே கூரை எவ்வளவு தாழ்வு என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். பரிசு இல்லை. முருகேஸ்வரி கைதட்டவில்லை. தலை குனிந்திருந்தாள்.

11.11.1990, ஞாயிறு

மண்ணெண்ணெய் லோடு வந்தது. அப்பா அதை உள் அறைக்குக் கொண்டுபோகவில்லை. டிரம்மைக் கடை முகப்பிலேயே, தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி நிறுத்தினார். ஒரு டப்பா சிவப்புப் பெயிண்டையும் தூரிகையையும் என்னிடம் கொடுத்து, பெரிய எழுத்தில் ‘மண்ணெண்ணெய்’ என்று எழுதச் சொன்னார். நான் எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார்.

“நல்லாத் தடிமனா எழுது. உங்கம்மா எம்புட்டுத் தேச்சாலும் போகக் கூடாது.”

அம்மா உள்ளேயிருந்து, “நான் என்ன செஞ்சேன்?” என்றாள். அவளுக்கு இன்னும் தெரியாது.

இன்று உள் அறையில் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தீபாவளிக்கு நல்லெண்ணெயும் விற்றுப்போனதில் சுவர்வரைக்கும் வெறுந்தரை. விரலில் பெயிண்ட் இன்னும் காயவில்லை.