மொட்டைப்பாறையில் நீ நின்ற இடம்

நேற்று மாலை கோயில் திருவிழாவில், பொரிக் கடைக்காரர் கார்பைட் விளக்கை ஏற்றினார். அழுகிய பூண்டு போன்ற அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் திரும்பிப் பார்த்தேன். மற்றவர்களுக்கு அது திருவிழா வாடை. எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கிற நேரம். சைக்கிளின் கார்பைட் விளக்கை ஏற்றிவிட்டு, நீ பின்னால் வருகிறாயா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு மிதிக்கிற நேரம்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இன்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

விடியற்காலை முதல் பூசை முடிந்ததும் நாம் மூன்று பேரும் கிளம்பிவிடுவோம். துறைமுகப் பாலத்தில் சரக்கு இறக்குகிற லூர்து கப்பல் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு வருவான். நான் ரொட்டியும் வாழைப்பழமும் எடுத்து வருவேன். நீ வெறுங்கையோடு வருவாய். கோரிமேடு தாண்டினால் நம் பிரெஞ்சு ஊர் முடிந்து இங்கிலீஷ்காரன் எல்லை. அங்கே சுங்கச் சாவடியில் ஒவ்வொரு வாரமும் அதே கேள்விதான்.

"என்னத்துக்குய்யா இத்தினி கயிறு?"

"பாறை ஏறப் போறோம்."

"மேல என்ன இருக்குது?"

"ஒண்ணும் இல்ல" என்பாய் நீ. அந்த ஆள் நம்மைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு விட்டுவிடுவான்.

மயிலத்துக்கு அப்பால் இருந்த அந்த மொட்டைப்பாறையில் முதலில் ஏறுகிறவன் எப்போதும் நீதான். கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு, பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு போவாய். உச்சியில் இருந்த ஒற்றை மரத்தில் அதைக் கட்டிய பிறகுதான் எங்களுக்குப் பிடிமானம். அதுவரை உனக்குப் பிடிமானம் எதுவுமில்லை. அந்தக் கால் மணி நேரமும் நான் கீழே நின்று செபமாலையை உருட்டிக்கொண்டிருப்பேன். "இவன் பயத்துக்கே பாறை வெடிச்சிடும்" என்று லூர்து சிரிப்பான். நான் எதற்குப் பயந்தேன் என்று அவனுக்குத் தெரியாது. உனக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

ஒருநாள் கடற்கரையில், பொழுது மங்கிய வேளையில், நீ ஒரு கல் பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொண்டாய். அதே வாரத்தில் அது மூன்றாவது தடவை. நான் விடாமல் கேட்டதும் சொன்னாய்.

"நேரா பாக்கிறது தெரியுதுடா. பக்கத்துல இருக்கிறது தெரியல. இருட்டினா சுத்தமா தெரியல. போகப் போக இன்னும் குறுகிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

நீ நில அளவைப் படம் வரைகிறவன். கண்தான் உன் வேலை. வீட்டில் செலின், இரண்டு வயதுப் பாப்பா. ஆபீஸின் பிரெஞ்சு துரை முசேக்கும் தெரியக்கூடாது, செலினுக்கும் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாய். நானும் செய்துகொடுத்தேன். அன்றிலிருந்து உன்னைப் பார்க்கும்போதெல்லாம் உன் முகத்தைப் பார்க்கமாட்டேன், உன் காலைத்தான் பார்ப்பேன்.

ஒரு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை வரும்போல் இருந்தது. "இன்னிக்கு வேணாம்டா" என்றேன். நீ கேட்கவில்லை. உச்சிக்கு இன்னும் இரண்டு ஆள் உயரம் இருக்கும்போது மேகம் வெயிலை மூடிவிட்டது. பாறை முழுக்கச் சாம்பல் நிறமாயிற்று. நீ நின்றுவிட்டாய்.

"ஏன்டா நின்னுட்ட? ஏறு, மழை வருது!" லூர்து கத்தினான்.

நீ அசையவில்லை. உன் வலது கை பாறையைத் தடவிக்கொண்டே இருந்தது. ஒரு முழம் தள்ளி நல்ல பிடி இருந்தது. கீழே நின்ற எங்களுக்கே தெரிந்தது.

நான் பின்னால் ஓடிப்போய், பாறை முழுதும் கண்ணில் படுகிற இடத்தில் நின்றுகொண்டு சொல்ல ஆரம்பித்தேன். "வலது கை, இன்னும் ஒரு சாண் தள்ளி. அதான். இப்ப எடது காலைத் தூக்கு. வெடிப்பு ஒண்ணு இருக்குது."

லூர்து என்னைத் திரும்பிப் பார்த்தான். "அவனுக்குத் தெரியலையா?"

நான் பாறையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுத்ததாக இடது என்று சொல்ல வேண்டிய இடத்தில் பதற்றத்தில் வலது என்றுவிட்டேன். உன் கால் வழுக்கியது. சரளைக் கற்கள் உதிர்ந்து என் காலடியில் வந்து விழுந்தன. இரண்டு கையில் தொங்கினாய். எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. செபமாலையில் ஒரு அருள்நிறை மந்திரத்தைப் பாதியில் விட்டேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

மேலிருந்து உன் குரல் வந்தது. "கத்தாதடா. மெதுவா சொல்லு. எனக்கு நேரம் இருக்குது."

மெதுவாகச் சொன்னேன். நீ ஏறிவிட்டாய். மரத்தில் கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்து இறங்கியும் வந்தாய். வந்ததும் சிரித்தாய். பாதியில் விட்ட மந்திரத்தை நான் சொல்லி முடித்தேன்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. லூர்து விளக்கோடு முன்னால் போனான். நான் வழி நெடுக மணி அடித்துக்கொண்டே போனேன். நீ அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாய். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர்கள் திட்டினார்கள்.

உன் வீட்டுக் கதவைத் திறந்த செலின், "ஏன் அண்ணே இவ்ளோ நேரம்? வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள். நெருப்பு என்ற அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது; ஒரு வருடமாக நானும் அதைத்தான் வயிற்றில் கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ என் பின்னால்தான் நின்றாய். அவள் நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் நீ சொன்னது இரண்டே சொல்.

"நீ போ."

எட்டு மாதம் நீ என்னோடு பேசவில்லை. பூசையில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருப்பாய். நன்மை வாங்கிவிட்டு வரும்போதுகூட என் பக்கம் பார்க்கமாட்டாய். அந்த எட்டு மாதத்தில் செலின் அழுது முடித்து, தையல் கற்றுக்கொண்டாள். இரண்டு வருடம் கழித்து உன்னால் கோடு போட முடியாமல் போனபோது, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது சரிதான் என்று காட்டுவதற்காக இதை எழுதவில்லை. அதைச் சரி என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை.

ஒன்பதாவது மாதம் நீயே என் வீட்டுக்கு வந்தாய். "பாறைக்குப் போலாமா? கயிறை முதல்ல மேல கட்டணும்னு செலின் சொல்லிட்டா." அதற்குப் பிறகு நானும் லூர்தும் பின்பக்கத்து ஒற்றையடிப் பாதையில் மேலே போய்க் கயிற்றைப் போட, நீ கண்ணை மூடிக்கொண்டே ஏறினாய். ஒருமுறை உச்சியில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன், "இன்னும் கோவமாடா?"

"கோவம்தான்" என்றாய். "அதுக்காகக் கயிறை வேற ஒருத்தன் கையிலயா குடுப்பேன்?"

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை உன் சாவை அந்தப் பாறையில் கண்டு நடுங்கியிருக்கிறேன். அது சாதாரணக் காய்ச்சலாக உன் கட்டிலுக்கு வந்தது. பதினோரு நாள். எந்தப் பக்கம் பார்த்துப் பயப்படுவது என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் செலின் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, வெளக்கு வைக்கிற நேரத்துல பாப்பா செவுத்தைப் புடிச்சிக்கிட்டு நடக்கிறா. நீங்க பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். இரண்டு தடவை. குழந்தைதானே, விளையாட்டுக்குச் செய்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த முறை என்னிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை. நானே வாய் திறக்காமல் இருந்திருக்கிறேன்.

"பாத்தேன்" என்றேன்.

அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். "டாக்டர்கிட்ட நீங்களும் வாங்க அண்ணே. அவர் சொல்றது எனக்குப் பாதி புரியாது."

வியாழக்கிழமை போகிறோம். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிடலாம். சொல்லாமலும் போகலாம். உன் பெண்ணுக்கு ஆறு வயது. பார்த்த மரத்தில் எல்லாம் ஏறுகிறாள், உன்னைப் போல. அவளைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. அடியில் நின்றுகொண்டு, வலது எது இடது எது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.