மூன்றாவது கடையின் பெயர்

மாவனல்லை
2003.08.12

அன்புள்ள ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் முக்தார் மச்சானும் பிள்ளையும் சுகம்தானே? எல்லோரும் உறங்கிவிட்டார்கள். நுளம்பு வலைக்குள் டோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்துக் கோணினால் மன்னியுங்கள்.

வாப்பா குருவிட்டையில் மூன்று மாடிக் கட்டடம் எடுத்துவிட்டார். கீழே துணி, நடுவில் சப்பாத்தும் சட்டிபானையும், மேலே விளையாட்டுச் சாமான். அரநாயக்கத் தேயிலைத் தோட்டங்களில் லயம் லயமாகச் சீலைக் கட்டுச் சுமந்து விற்றவருக்கு மூன்றாவது கடை என்றால் எனக்கும் பெருமைதான். ஆனால் இன்று சாமான் அறையில் புதுப் பெயர்ப்பலகையைக் கண்டேன். பெயின்ட்கூடக் காயவில்லை. 'றிஸ்மியா ஸ்டோர்ஸ்'.

முதல் கடைக்கு உம்மாவின் பெயர், ஸபியா ஸ்டோர்ஸ். கேகாலைக் கடைக்கு உங்கள் பெயர் ஏறிய மாதமே உங்களுக்கு நிக்காஹ் முடித்து, கடையை மச்சானிடம் கொடுத்தார்கள். இப்போது என் பெயர். டிசம்பரில் எனக்கு ஓ.எல். பரீட்சை. உம்மாவிடம் கேட்டேன். "கடையே ஒன்ட பேர்ல வருது, இன்னும் என்ன பரீட்ச?" என்று சிரித்தார்.

பயமாக இருக்கிறது. பதிலை லொறி ஓட்டும் சாலி நானாவிடமே கொடுங்கள். தபாலில் வந்தால் வாப்பா பிரிப்பார்.

உங்கள் தங்கச்சி
றிஸ்மியா

கேகாலை
2003.08.17

அன்பின் தங்கச்சி,

வஅலைக்கும் ஸலாம். பிள்ளைக்குத் தடிமனும் காய்ச்சலும், அதனால் பிந்திவிட்டது.

பலகை எழுதினால் உடனே கல்யாணம் என்று நினைக்காதே. என்னுடைய கடை நன்றாகத்தான் போகிறது. 'என்னுடைய' என்று எழுதிவிட்டேன், நான் அதற்குள் போய் ஏழு மாதம். சம்பள நாளில் வரும் தோட்டத்துப் பெண்கள், "ஸாஹிரா அம்மா எங்கங்க? ஒரு நாளும் காணோமே" என்று கேட்கிறார்களாம். மச்சான் வந்து சொல்லிச் சிரித்தார்.

நீ படி. விஞ்ஞானத்தை விட்டுவிடாதே.

ராத்தா
ஸாஹிரா

மாவனல்லை
2003.09.21

ராத்தா,

ஸலாம். இன்று வந்து பேசி முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை நம் கடைத் துணிப்பகுதியில் வேலை செய்யும் ஷிராஸ். வயது இருபத்தொன்பது. எனக்குப் பதினாறு. அவருடைய மாமி என் நாடியைத் தொட்டு முகத்தை நிமிர்த்தி, "பொம்புள்ளையும் கடையப் போல அழகாத்தான் ஈக்கிறா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்டோபர் பத்தாம் திகதி காலையில் கடைத் திறப்பு, பின்னேரம் நிக்காஹ். பரீட்சை முடியட்டும் என்று வாப்பாவிடம் கெஞ்சினேன். "பரீட்ச எல்லா வருஷமும் வரும் மகள். தீவாளி, பெருநாள் வியாபாரம் போனா போனதுதான்" என்றார். ஏசியிருந்தால் அழுதிருப்பேன். தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

எனக்கு வேறு யாரும் இல்லை. வாப்பாவிடம் ஒரு வார்த்தை பேசுவீர்களா?

றிஸ்மியா

கேகாலை
2003.09.29

தங்கச்சி,

நேற்று வாப்பாவே வந்தார். கையில் வங்கிப் பத்திரம். கேகாலைக் கட்டடத்தை ஈடு வைத்தால்தான் குருவிட்டைக்குச் சாமான் இறக்கலாம். கட்டடம் சீதனமாக என் பெயரில் இருக்கிறது. பேனாவை நீட்டினார்.

என் நிக்காஹ் பதிவில் வாப்பா கையெழுத்துப் போட்டார், மச்சான் போட்டார், சாட்சிகள் போட்டார்கள். உள்ளறையில் இருந்த என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆறு வருடத்தில் என்னிடம் கேட்ட முதல் கையெழுத்து இது.

"தங்கச்சி ஏ.எல். முடிக்கட்டும் வாப்பா. அதுக்குப் பொறகு போடுறேன்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. வாப்பா தேநீரைத் தொடாமல் எழுந்து போனார். "ஒன்ட தங்கச்சிக்காக எங்கட வயித்துல அடிக்கிறியா?" என்று கேட்ட மச்சான் பிறகு என்னோடு பேசவில்லை.

சாலி நானாவை இனி இந்தப் பக்கம் விடமாட்டார்கள். நீ படி.

ஸாஹிரா

மாவனல்லை
2003.12.03

அன்புள்ள ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடைசிக் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. துணிந்து தபாலில் போடுகிறேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

குருவிட்டைக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. நிக்காஹ் பேச்சும் நின்றுவிட்டது. ஷிராஸ் வேறு கடைக்குப் போய்விட்டார். நான் பள்ளிக்கூடம் போகிறேன், யாரும் தடுக்கவில்லை. பெருநாளுக்கு உங்களைக் கூப்பிடலாமா என்று உம்மா கேட்டதற்கு, வாப்பா சாப்பிடாமல் கை கழுவிவிட்டார்.

மச்சான், இதைப் பிரிப்பது நீங்களாக இருந்தால், ராத்தாவை ஏசாதீர்கள். கேட்டது நான்தான். கடிதத்தை அவரிடம் கொடுக்க மனமில்லை என்றால், திங்கட்கிழமை எனக்குப் பரீட்சை தொடங்குகிறது என்று வாயாலாவது சொல்லுங்கள். அவருக்கு அது போதும்.

றிஸ்மியா