அப்பா கேட்டு வாங்கிய வெண்டைக்காய்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் எந்த அறையில் இருந்தாலும் அப்பா காதில் விழும். அவருக்குப் பேச்சுதான் தடுமாறுகிறதே தவிர காது பாம்புக் காது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அங்கேயிருந்தபடியே போனைத் தட்டி எங்களுக்குச் சாமான் அனுப்பிக்கொண்டிருந்தாயே, அதை நான் நிறுத்தச் சொன்னதில் உனக்குக் கோபம். பக்கவாதம் வந்து எழுந்த மனுஷரை எதுக்கும்மா சனிக்கிழமை தோறும் பஸ்ஸில் ஏற்றிக் கடைக்கு இழுத்துட்டுப் போறே என்று சத்தம் போட்டாய். காரணத்தைக் கேள், அப்புறம் திட்டு. நாம் வாங்குகிற அந்தப் பெரிய கடையில் காய்கறியை மட்டும் நாமே அள்ள விடமாட்டார்கள், ஞாபகமிருக்கிறதா? மேடைக்கு அந்தப் பக்கம் நிற்கிற பெண்ணிடம் வாயால் கேட்டால்தான் எடை போட்டுத் தருவாள். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவர் படம் போட்ட அட்டைகளைக் காட்டியபோது, நான் என்ன பால்வாடிப் பிள்ளையா என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சரி, படம் வேண்டாம், நிஜக் காயையே கேட்கட்டும் என்று நான்தான் அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் வாயால் கேட்டதுதான் வீட்டுக்கு வரும், பெயர் வாயில் வராத காய் அந்த வாரம் கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டு, நான் பக்கத்தில் நின்றால் என் முகத்தைப் பார்ப்பார் என்று எண்ணெய் டின்களுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

முதல் வாரக் கூத்தைக் கேள். என்ன கேட்க நினைத்தாலும் அவர் வாயில் தக்காளி என்றே வந்தது. வெங்காயத்தைப் பார்த்துத் தக்காளி என்றார், அவள் தக்காளி போட்டாள். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் தக்காளி என்றார், அவள் இன்னும் கொஞ்சம் போட்டாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் தக்காளி, தக்காளி, தக்காளிதான். எனக்கு நெஞ்செரிச்சலே வந்துவிட்டது, ஆனாலும் நான் போய் வேறு காய் வாங்கவில்லை. ஒரு பஸ் நிறைய ஜனத்தைத் தன் ஒற்றைக் குரலால் உள்ளே தள்ளி நிறுத்தின கண்டக்டர் அவர். இந்த வாய் இல்லாவிட்டால் உங்களை நாய் தூக்கிட்டுப் போயிடும் என்று நானே எத்தனை தடவை கேலி செய்திருப்பேன். அந்த மனுஷர் ஒரு வெங்காயத்துக்கு வியர்த்து நின்றார். ஆனால் அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று சும்மாவா சொன்னார்கள். வெங்காயம் வந்தது, அப்புறம் உருளைக்கிழங்கு வந்தது. முட்டைக்கோஸ் மட்டும் இன்றுவரை வரவில்லை, அதை அவருக்கு எப்போதுமே பிடிக்காது, வேண்டுமென்றே செய்கிறாரோ என்று எனக்கொரு சந்தேகம்.

போன சனிக்கிழமை நல்ல கூட்டம். அப்பா மேடை முன்னால் நின்று வெ, வெ என்று திணறிக்கொண்டிருக்க, பின்னால் நின்ற ஒருவர், பாவம் நல்ல மனசோடுதான், வெங்காயமா சார், வெண்டைக்காயா என்று எடுத்துக் கொடுக்கப் பார்த்தார். அப்பா அவர் பக்கம் கையைக் காட்டி, இருங்க, நான் சொல்றேன் என்றார். அடியே, எவ்வளவு நாளாயிற்று அவர் வாயிலிருந்து இப்படி ஒரு முழு வாக்கியம் கேட்டு! அப்புறம் நிதானமாக, வெண்டைக்காய், பிஞ்சா போடும்மா என்றார். அதோடு விட்டாரா, அவள் போட்டதில் ஒன்றை எடுத்து நுனியை ஒடித்துப் பார்த்து, இது முத்தல் என்று திருப்பிக் கொடுத்தார். எண்ணெய் டின்னைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன், சொல்லிக்கொள்வதில் எனக்கென்ன வெட்கம். அந்தப் பெண் என்னைப் பார்த்து, அம்மா, சாருக்கு வாய் வந்துடுச்சு, இனிமே எனக்குத்தான் தலைவலி என்று சிரித்தாள். பட்டம் வாங்கி நீ மேடையிலிருந்து இறங்கினபோது எனக்கு இருந்த பெருமைக்கு இது ஒரு பிடிகூடக் குறைவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறார், காதை மட்டும் நம் பேச்சில் வைத்துக்கொண்டு. அவருக்கு உடம்பு முடியாதபோது நீ சீக்கிரமே திரும்பிப் போய்விட்டதில் கோபம் என்று நீ நினைத்து உருகுகிறாய். கோபமில்லை கண்ணு, வெட்கம். இந்தக் குரலை மகள் கேட்கக் கூடாது என்ற வீம்பு. ஆனால் அந்தச் சனிக்கிழமை கடையிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைத் தட்டி, நாளைக்கு வேண்டாம், அடுத்த ஞாயித்துக்கிழமை போனை எங்கிட்ட குடு என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள், மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும். ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டதும் இந்தப் பக்கம் முதலில் சத்தமே வராது. லைன் போய்விட்டதென்று வைத்துவிடாதே, நீயாக எதையும் எடுத்தும் கொடுக்காதே. உன் பெயர் இன்னும் அவருக்கு முழுசாக வரவில்லை. எவ்வளவு நேரமானாலும் காத்திரு, அவரே சொல்லுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா