இரண்டாம் முறை கேட்காதவர்

நாள் 41 | 07:30
ஆக்சிஜன் உற்பத்தி: சரியான அளவு. தண்ணீர்: 212 லிட்டர். துளை ஆழம்: 38 மீட்டர். பனியில் மண் கலப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது. வெளியே குளிர் வழக்கம்போல் கேவலம்.

இதைக் கண்டெடுத்துப் படிக்கிறவருக்கு: நான் உமையாள் அண்ணாமலை, துளைப் பொறியாளர், சொந்த ஊர் காரைக்குடி. இது நிலவின் தென்முனையில் பனி தோண்டும் நிலையம். மொத்தம் இரண்டு பேர். இன்னொருவர் ஈரோ லெஹ்தினன், பின்லாந்துக்காரர். காற்று, தண்ணீர், மின்சாரம் எல்லாம் அவர் பொறுப்பு. நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில். அதிகாரபூர்வப் பதிவை அவர் எழுதுகிறார்; இது நான் தமிழில் எழுதிக்கொள்வது. இரண்டு வேறுபட்ட நாட்டுக்காரர்கள் நூற்றெண்பது நாள் எப்படிப் பழகுகிறார்கள் என்பதும் இங்கே ஓர் ஆய்வாம். ஆக, நாங்களும் சோதனை எலிகள்தான்.

நாள் 44 | 13:15
துளை ஆழம்: 40.5 மீட்டர். மற்றவை மாற்றமில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மாவுப் பொட்டலத்தைக் கரைத்துப் பணியாரம் சுட்டேன். ஈரோ நான்கு சாப்பிட்டுவிட்டுப் போதும் என்றார். இரண்டு வைத்தேன். சாப்பிட்டார், போதும் என்றார். இன்னும் இரண்டு வைத்தேன். முகம் சிவக்கச் சாப்பிட்டார். எங்கள் வீட்டுப் பந்தியில் முதல் "போதும்" சும்மா பேச்சுக்கு. இலையைக் கையால் மறைத்துக் குனிந்தால்தான் நிஜமான போதும். அதேபோல் யார் எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வோம். கேட்டவுடன் கை நீட்டினால் அலைகிறாள் என்பார்கள்.

இன்று அவருடைய வாராந்திர அறிக்கையைப் பூமியிலுள்ள தரைக் கட்டுப்பாட்டிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டினார்கள். "சக பணியாளர் திறமையானவர். ஆனால் என் சொல்லை நம்புவதில்லை." எட்டுப் பணியாரம் போட்டதற்குக் கிடைத்த நற்சான்றிதழ். மதியம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் கவனிக்கவே இல்லை. கவனிக்காத மனிதரிடம் எத்தனை நேரம்தான் கோபித்துக்கொள்வது?

நாள் 52 | 18:00
குழாய் இணைப்பு ஒன்றைப் பற்றவைத்தேன். ஈரோ வந்து பார்த்தார். மோசம், திரும்பச் செய்யுங்கள் என்றார். அவ்வளவுதான். நன்றாக முயன்றிருக்கிறீர்கள், ஆனாலும் என்று ஓர் ஆரம்பம் கிடையாது. கண்ணில் நீர் வந்துவிட்டது. திரும்பச் செய்தேன். சோதித்தால், முதலில் போட்டது நிஜமாகவே மோசம்.

இரவுச் சாப்பாட்டில் அவரிடமே கேட்டேன், உங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தானா என்று. ஐம்பது நாளில் அவர் அதிகம் பேசியது அப்போதுதான். ஒருவர் ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று எடுத்துக்கொள்வதுதான் மரியாதையாம். திரும்பக் கேட்டால், நீ பொய் சொல்கிறாய் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரியாம். சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டார். நல்ல மனிதர். போன வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஆறு மணி நேரம் கட்டிலருகே ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைப் பிடிக்கும். அவரோடு இருப்பது மட்டும் கஷ்டமாக இருக்கிறது.

நாள் 67 | 09:40
ஆக்சிஜன் எந்திரத்தின் பம்ப் பக்கம் ஒரு சத்தம். உரசுகிற மாதிரி, விட்டு விட்டு வருகிறது. ஈரோ சாதாரணமாகத் தன் எந்திரத்தில் மற்றவர் மூக்கை நுழைப்பதை விரும்பமாட்டார் என்று எனக்கு ஒரு நினைப்பு. அதனால் பக்குவமாகச் சொன்னேன்: நேரம் கிடைத்தால் அந்தப் பம்பை ஒரு தடவை பார்த்துவிடலாமா? அவசரம் ஒன்றும் இல்லை. அவர் பார்க்கிறேன் என்று பட்டியலில் எழுதிக்கொண்டார். பதினான்காவது வேலையாக.

நாள் 71 | 15:20
பம்ப் வெடித்தது, 11:52. எந்திர அறையில் தீ. தீயை அணைத்துவிட்டோம். எந்திரம் போய்விட்டது, சரிசெய்ய முடியாது. ஈரோ கவச உடையில் புகைக்குள் இருந்தபடி ரேடியோவில் கேட்டது:

ஈரோ: "பம்பின் பேரிங் தேய்ந்திருக்கிறது. இது பல நாள் சத்தம் போட்டிருக்கும். உங்களுக்குக் கேட்டதா?"
நான்: "கேட்டது. நாலு நாள் முன்னால. உங்ககிட்ட சொன்னேனே."
ஈரோ: "அவசரம் இல்லை என்று சொன்னீர்கள்."

பயந்துபோய்த்தான் அவரிடம் போனேன். பயத்தை மறைத்துப் பேசினேன். எங்கள் ஊர் ஆளாக இருந்தால், வேலையை விட்டுவிட்டு வந்து ஒருத்தி இதைச் சொல்கிறாளே என்று எழுந்து ஓடியிருப்பார். அவர் நான் சொன்னதை மட்டும் கேட்டார்.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒரு விதி மட்டும் போட்டார்: இனிமேல் ஒரு கேள்வி, ஒரு பதில். பதில் என்னவோ அதுவே முடிவு. யாரும் பூசி மெழுகிப் பேசக்கூடாது, யாரும் திரும்பக் கேட்கவும் கூடாது. நான் தலைகுனிந்து சரி என்றேன். குற்றவாளி வேறென்ன சொல்ல முடியும்?

நாள் 72 | 09:10
இருப்புத் தொட்டிகளில் உள்ள ஆக்சிஜன்: இரண்டு பேருக்கு ஆறு நாள். ஒருவருக்குப் பன்னிரண்டு நாள். மீட்புக் கலம் வர: பத்தொன்பது நாள்.

பனி மாதிரிகளை மேலே கொண்டுபோகும் சிறு கலம் ஒன்று இருக்கிறது. அதில் ஓர் ஆள் ஒடுங்கி உட்காரலாம். மேலே நிலவைச் சுற்றிவரும் சுற்றுக்கலத்தில் ஒருவருக்கு ஒரு மாதத்துக்குக் காற்று உண்டு. சிறு கலம் திரும்ப இறங்க எரிபொருள் கிடையாது. சுற்றுக்கலத்தின் பாதை ஒத்துவருவது இன்று 11:00 மணிக்கு, விட்டால் இரண்டு நாள் கழித்து. அந்த இரண்டு நாளில் இரண்டு பேருடைய மூச்சும் வீணாகும். ஆக, இன்றே ஒருவர் போக வேண்டும். போகிறவர் பிழைப்பார்.

நாள் 72 | 10:24
ஈரோ வெளியே கலத்தைத் தயார் செய்துகொண்டிருக்கிறார். இப்போது வந்த ஒலிபரப்பு, அப்படியே:

ஈரோ: "உமையாள், இந்த இருக்கை உங்களுக்கு வேண்டுமா?"
நான்: "வேண்டாம். நீங்க போங்க. எனக்குப் பரவாயில்ல."
ஈரோ: "சரி."

திரும்பவும் கேட்பார். முதல் கேள்விக்கே வேண்டும் என்று எப்படிச் சொல்வது? அதுவும் என்னால் வந்த வினைக்கு. அவர் இல்லை நீங்கள் என்பார், நான் மறுபடி மறுப்பேன், மூன்றாவதில் சம்மதிப்பேன். நேரம் மிச்சமாகட்டும் என்று இப்போதே கவச உடையைப் போட ஆரம்பித்துவிட்டேன். கால் இரண்டும் ஆயிற்று. இடது கையுறையும்.

நாள் 72 | 11:06
போய்விட்டார்.

சன்னல் வழியாகப் பார்த்தேன். நிலையம் ஒரு முறை அதிர்ந்தது, புழுதி எழுந்து அடங்கியது. கிளம்பும் முன் அவர் சொன்னது "நன்றி, உமையாள்" மட்டும். நான் ஒற்றைக் கையுறையோடு நின்றுகொண்டிருந்தேன். நல்லபடியாகப் போங்கள் என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

நாள் 73 | 12:30
ஆக்சிஜன்: 11 நாள்.

தரைக் கட்டுப்பாட்டிலிருந்து எழுத்தில் செய்தி. சில சோதனைகளைத் தவிர்த்து மீட்புக் கலத்தை முன்கூட்டியே ஏவலாம். நாள் 83-இல் வந்துவிடும், என் காற்று தீர ஒரு நாள் முன்பாக. ஆனால் அதை ஓட்டிவரும் இருவருக்கும் ஆபத்து கூடுதல். நானாகவே விட்டுக்கொடுத்தேன், தெளிவான மனதோடு சொன்னேன் என்று ஈரோ சாட்சி சொல்லியிருக்கிறார். ஆகவே முன்கூட்டிய ஏவலை நான் கோருகிறேனா என்று பாதுகாப்புக் குழு கேட்கிறது. இன்று 16:00-க்குள் பதில் வேண்டும்.

மூன்று முறை எழுதி அழித்தேன். எனக்காக முகம் தெரியாத இரண்டு பேர். கடைசியில் அனுப்பியது: "சாத்தியமானால் மிக்க நன்றியுடையவளாக இருப்பேன். ஆனால் என் பொருட்டு யாரும் சிரமப்பட வேண்டாம்." படித்தால் எவருக்கும் புரியும்.

நாள் 74 | 08:15
ஆக்சிஜன்: 10 நாள்.

தரையில் எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் உண்டு, பரமகுரு அண்ணன், கோவில்பட்டிக்காரர். நேற்று அவருக்கு விடுமுறை. இன்று வேலைக்கு வந்ததும் தமிழில் பேசினார்.

பரமகுரு: "ஏம்மா இப்படி எழுதுன? சிரமப்பட வேண்டாம்னு நீயே எழுதிட்டேன்னு, கோரிக்கை இல்லைன்னு பதிஞ்சிட்டாங்க. நாலு மணியோட கதவ மூடிட்டாங்கம்மா."
நான்: "படிச்சா தெரியலையாண்ணே?"
பரமகுரு: "எனக்குத் தெரியுது. நான் இல்லையே நேத்து."

குழுவோடு சண்டை போடப் போயிருக்கிறார். நான் இப்போது வேறு செய்தி அனுப்பியிருக்கிறேன். நான்கே சொற்கள். எனக்கு வேண்டும். சீக்கிரம் வாருங்கள். நாற்பத்தோரு வயதில் முதன்முறையாக இப்படி எழுதுகிறேன். கை கூசியது.

நாள் 74 | 17:50
புதிய ஏவல் நேரம் கிடைத்தது. கலம் வருவது நாள் 87. என் காற்று நாள் 84. அண்ணன் இதைச் சொல்ல வெகுநேரம் எடுத்துக்கொண்டார். அசையாமல் படுத்திருந்தால் ஒரு நாள் கூடும் என்றார். மிச்சம் இரண்டு நாளுக்கு என்ன செய்வது என்று இருவரும் பேசவில்லை.

நாள் 76 | 10:00
ஆக்சிஜன்: எட்டு நாள், கொஞ்சம் கூட. படுத்தேதான் இருக்கிறேன். துளை வேலை இல்லை. விளக்கும் ஒன்றுதான்.

ஈரோ கூப்பிட்டார். பரமகுரு அண்ணன் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

ஈரோ: "உங்கள் நாட்டில் மூன்று முறை கேட்க வேண்டுமாம். உண்மையா?"
நான்: "ஆமா."
ஈரோ: "அன்று உங்கள் பதில் உண்மையான பதிலா?"

நல்லவளாக இருந்திருக்கலாம். ஆமாம், மனதாரச் சொன்னேன் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் மீதி வாழ்நாள் நிம்மதியாகத் தூங்குவார். எனக்கு முடியவில்லை. எனக்கு அவர் மேல் கோபம், பொங்கிப் பொங்கி வருகிறது. என் மேல் அதைவிடக் கோபம்.

நான்: "இல்ல. எனக்கு வேணும்னுதான் இருந்தது. பாதி உடுப்பு போட்டுட்டு நின்னேன்."

ஈரோ: "உங்களுக்குக் கொடுக்கத்தான் கேட்டேன். எனக்கு வேண்டும் என்றிருந்தால் கேட்டிருக்கவே மாட்டேன்."

இருவரும் இணைப்பைத் துண்டிக்கவில்லை. ஒரு மணி நேரம் அவர் மூச்சுவிடுவது கேட்டது.

நாள் 81 | 09:30
ஆக்சிஜன்: மூன்றரை நாள். காற்றோட்டத்தைக் குறைத்து வைத்திருப்பதால் தலைவலி. உதடு நீலமாக இருக்கிறது, கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டேன்.

எழுத விரல் ஒத்துழைப்பதில்லை. இனி சட்டைக் காலரில் உள்ள குரல்பதிவில் சொல்கிறேன், கணினி எழுதிக்கொள்ளும். அம்மாவிடம் பேச வைத்தார்கள். நன்றாக இருக்கிறேன், வேலை அதிகம் என்றேன். அவளிடம் பூசி மெழுகிப் பேசியதற்காக எனக்கு வருத்தம் இல்லை. ஈரோவின் விதி காரைக்குடி வரை செல்லாது.

நாள் 84 | 11:20
எவ்வளவு என்று பார்க்கவில்லை. பார்த்தால் மூச்சு வேகமாகிறது.

கலம் கிளம்பி வருகிறது. அண்ணன் சொன்னார். எண்பத்தேழு. எண்பத்தேழு தூரம்.

ஈரோவைப் பற்றி யாரும் தப்பாக எழுத வேண்டாம். அவர் என்னை நம்பினார். என்னை அந்த அளவுக்கு யாரும், ஒரே சொல்லில், நம்பியதில்லை. நான்தான் நம்ப முடியாதபடி பேசினேன். இல்லை. அதுவும் சரியில்லை. ஒரு தடவை. இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம் அந்த மனுஷன்.

பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக.

நாள் 85 | 07:40
ஈரோ கூப்பிடுகிறார். ரேடியோ விசை மேசையில். கட்டிலிலிருந்து நாலடி. எழுந்தால் அந்த

அப்புறம்

நாள் 85 | 08:00
தானியங்கிப் பதிவு. குரல் இல்லை. விசை தொடப்படவில்லை.
உள்வந்த ஒலிபரப்பு, சுற்றுக்கலம், 08:00: "உமையாள், கேட்கிறதா?"
08:05: "உமையாள், கேட்கிறதா?"
08:10: "உமையாள், கேட்கிறதா?"

நாள் 85 | 16:00
தானியங்கிப் பதிவு. குரல் இல்லை. விசை தொடப்படவில்லை.
08:00 முதல் உள்வந்த ஒலிபரப்புகள்: 97. அனுப்பியவர்: ஈரோ லெஹ்தினன். அனைத்திலும் ஒரே கேள்வி.