பருப்பு வேகாத தண்ணீர்

செல்வி,

வண்டி கிளம்பாது. சார்ஜரில் பச்சை விளக்கு எரிகிறதே என்று மூன்று நாள் நம்பிவிட்டேன். ஹாரனை அழுத்தினால் ஹெட்லைட்டே அணைந்துபோகிறது. பேட்டரி செத்துவிட்டது.

இடஒதுக்கீட்டு மறியலில் கடையெல்லாம் மூடியிருந்ததால் பேட்டரித் தண்ணீர் கிடைக்கவில்லை. நம் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். "பருப்பே வேகாத தண்ணிங்க, அத்தப் போயி ஊத்துறீங்களே" என்றாய். உன்மேல்தான் பாய்ந்தேன்.

ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், பஸ்ஸும் இல்லை. உடம்பு முடியாமல் கிடக்கும் உன் அப்பாவைப் பார்க்க ரிஷிவந்தியத்துக்கு நடந்தே போகிறேன். நிறைமாதத்தில் உன்னை எப்படி நடக்கவைப்பேன்? கஞ்சி மூடிவைத்திருக்கிறேன், குடித்துவிடு.

"செல்வி எங்க?" என்று அவர் கேட்டால் என்ன சொல்ல?

பி.கு.: பச்சை விளக்கு இன்னும் எரிகிறது. அணைக்க எனக்கு மனம் வரவில்லை. நீயே அணைத்துவிடு.

— தமிழரசன்