மலையடிவாரம் மட்டும்

மே 27, செவ்வாய்

விடியும்போதே வெயில். கூடாரத்துக்குள் மணல், காலுறைக்குள் மணல், பல்லிடுக்கிலும் மணல். காலைச் சாப்பாடு, அம்மா மல்வேர்ன் வீட்டில் இருந்து பார்சலில் அனுப்பிய பயத்தம்பணியாரம். கலிபோர்னியாவுக்கு வந்து சேருவதற்குள் உடைந்து மாவாகிவிட்டது. கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டோம். ருசி அப்படியே. தொண்டையில்தான் அடைத்தது.

இடது குதி மோசம். எழுந்ததும் கொஞ்சத் தூரம் நொண்டல், பிறகு மரத்துப்போகிறது. அக்கா முன்னால். திரும்பிப் பார்ப்பதில்லை.

இங்கேயாவது எழுதிவைக்கிறேன். எனக்கு இந்த நடையை நிறுத்த வேண்டும். பாலைவனம் முடிந்ததும், மலை தொடங்கும் முன். அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. பிறம்ரனில் தான் வேலைசெய்யும் வெயர்ஹவுஸில் சம்பளமில்லாத லீவு எடுத்து வந்திருக்கிறாள். பாலைவனத்திலிருந்து பனிமலைவரை போகும் இந்த நடைபாதையின் வரைபடம் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் வருடக்கணக்காகத் தொங்கியது. தனியே போகக் கூடாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றதால்தான் நான் துணைக்கு. நான் நின்றால் அவளும் நிற்க வேண்டிவரும்.

மே 28, புதன்

வெட்கக்கேடு. எழுதத்தான் வேண்டும்.

பாதை ஒரு மண்ரோட்டைக் கடக்கும் இடத்தில் பழைய பிக்கப் ஒன்று நின்றது. வெள்ளைக்காரக் கிழவர், பக்கத்தில் நாய். தண்ணீர் வேண்டுமா, பின்னால் நிறைய இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அக்கா பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "நோ, நோ, வீ ஆர் ஃபைன்." நானும் தலையாட்டினேன். எங்கள் இருவரிடமும் சேர்த்து அரைப் போத்தல்தான் இருந்தது.

அவர் இன்னொரு தரம் கேட்பார் என்று நின்றோம். எங்கள் ஆட்களின் வீட்டில் முதல் தரம் கேட்டதற்கு "ஓம்" என்று சொல்லி யார் தேத்தண்ணி வாங்கியிருக்கிறார்கள்? வேண்டாம், வேண்டாம், பிறகுதான் கோப்பை கைக்கு வரும். கிழவர் தொப்பியைத் தொட்டார். வண்டியை எடுத்தார். புழுதி அடங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றோம்.

"மனுசன் போட்டார்," என்றாள் அக்கா.

"ஏன் வேண்டாமெண்டு சொன்னனி?"

"திருப்பிக் கேப்பாரெண்டு நினைச்சன்."

"ஏன், அவரென்ன உன்ர மாமியோ?"

"நீ ஏன் வாய் திறக்கேல்லை? தலையாட்டிப் பொம்மை மாதிரி நிண்டிட்டு!"

யாரோ புண்ணியவான்கள் நடப்பவர்களுக்கென்று தண்ணீர்க் கேன்கள் வைக்கும் புதர்ப்பற்றை அதற்கப்பால் இருந்தது. எல்லாம் காலி. அக்கா ஒவ்வொன்றாகத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். பாறை நிழலில் கிடந்தோம். பேசினால் நாக்கு ஒட்டியது. வெயில் சாயும் நேரம் பின்னாலிருந்து, பாதையில் அடிக்கடி சந்திக்கும் கொரியப் பெடியன் வந்தான். தண்ணீர் என்று அவன் வாயெடுத்ததுதான், கேள்வி முடியவில்லை, அக்கா "யெஸ்" என்று போத்தலை நீட்டிவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, உதடு வெடித்தது.

மே 30, வெள்ளி

நடந்தோம். வேறொன்றுமில்லை.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பாலை என்றால் பிரிவுக்குரிய நிலம் என்று படித்தேன். வாசித்த புத்தகங்களிலும் பாலைவனத்துக்குப் போனவர்களுக்கு ஏதாவது விளங்கிவிடுகிறது. எனக்கு விளங்கியது, சப்பாத்து அரை அளவு சிறியது. பாரம் குறைக்க, கொண்டுவந்த நாவலில் வாசித்து முடித்த பாதியைக் கிழித்து, முன்பு தாண்டிய ஊரின் குப்பைத்தொட்டியில் போட்டேன். இப்போது கதையில் ஆட்கள் யார் யாரென்று மறந்துவிட்டது, திருப்பிப் பார்க்கப் பக்கமில்லை.

ஆசைகள்: ஐஸ். சாறு வடியும் தோடம்பழம். கதவு பூட்டக்கூடிய கழிப்பறை. பஸ்ஸில் உட்கார்ந்தபடி போவது, எங்கே என்றாலும்.

"கால் நோகுதோ?" அக்கா.

"இல்லை."

"நொண்டுறாய்."

"சப்பாத்து."

வடக்கே வானத்தில் வெள்ளையாக ஏதோ. மேகம் என்று நினைத்தேன். மலை.

ஜூன் 3, செவ்வாய்

மலையடிவாரத்துச் சின்ன ஊர். குளித்தோம், தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. போஸ்ட் ஒஃபிஸில் அம்மாவின் அடுத்த பார்சல். அங்கிருந்த பெண் கையை நீட்டித் தூரப் பிடித்தபடி கொண்டுவந்து தந்தாள்.

அம்மாவுக்கு ஃபோன் எடுத்தோம். ஸ்பீக்கரில்.

"றால் கருவாட்டுச் சம்பல் வைச்சிருக்கிறன். மலை ஏறத் தெம்பு வேணும்."

"அம்மா, இனி கரடி நிக்கிற இடம். மணத்துக்கு வரும்," அக்கா.

"கரடி மீன் தின்னுமோ?"

"பின்ன, விரதமே பிடிக்குது?"

"அப்ப இண்டைக்கே சாப்பிட்டு முடியுங்கோ."

கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பாண் துண்டுகளுக்குள் வைத்து முழுவதையும் முடித்தோம். அக்காவின் வாயில் பாண் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் சொல்லியிருக்கமாட்டேன்.

"அக்கா, நான் மேல வரேல்லை."

"கால்தானே? ரெண்டு நாள் நிண்டு போவம்."

"கால் மட்டுமில்லை. எனக்கு நடந்தது காணும், போதும்."

"எப்பேல இருந்து?"

"கன நாளா."

"கன நாளா! நான் விசரி மாதிரி முன்னால நடந்துகொண்டு இருந்திருக்கிறன்." பாணை வைத்துவிட்டாள். "இப்ப என்னைத் தனிய போகச் சொல்லுறியோ? அம்மா என்னைக் கொல்லுவா."

"கொரியப் பெடியனும் இங்க தங்கியிருக்கிற சுவிஸ் சோடியும் நாளைக்கு வெளிக்கிடுகினம். அவையோட போ."

"சொல்லுறது லேசு."

எழுந்து கழிப்பறைக்குப் போனாள். நெடுநேரம். வந்தபோது கண் சிவந்திருந்தது. என் பையைத் தன் பக்கம் இழுத்து, "உன்ர கையுறையைத் தா. என்ரை ஓட்டை," என்றாள்.

ஜூன் 4, புதன்

காலையில் போய்விட்டாள். "போட்டு வாறன்," அவ்வளவுதான். நாலு முதுகுப்பைகள், நீலம் அவளுடையது. வளைவுவரை தெரிந்தது.

சந்தோஷம் வரும் என்று இருந்தேன். பஸ்தான் வந்தது. பக்கத்தில் இருந்த பெண், என் பையில் ஏறிய கருவாட்டு மணத்துக்கு மூக்கைப் பொத்தாமல் மரியாதையாக வேறு சீட்டுக்கு மாறினாள்.

ஜூன் 13, வெள்ளி

மல்வேர்ன். மழை. குதியில் தசைநார் வீக்கம், நடக்கக் கூடாது என்றார் டாக்டர்.

அம்மா என்னோடு நேரே பேசுவதில்லை. சட்டியோடு பேசுகிறார். "துணைக்கெண்டு போனவை வீட்டில இருக்கினம். போனவள் எந்தப் பனிக்குள்ளயோ." சோறு வருகிறது, தட்டை மேசையில் வைக்கும் சத்தத்தோடு. அக்காவிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை, மலையில் சிக்னல் இல்லை என்று தெரியும், தெரிந்தும் ஃபோனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். கையுறை கொடுத்தேன் என்பதை நினைத்துக்கொள்கிறேன், அதுவே ஏதோ பெரிய உதவி மாதிரி.

பின்னேரம் ஃபோன் அடித்தது. காற்றுச் சத்தம், அதற்குள் அக்கா.

"சாப்பிட்டனியோ?" அம்மா கத்தினார்.

"ஓமம்மா. அவளிட்டைக் குடுங்கோ."

வாங்கினேன்.

"பெரிய மலைக் கணவாய் தாண்டிட்டன்," என்றாள். "பாதியில குந்தி இருந்து அழுதனான். இறங்குவமெண்டு ரெண்டு தரம் திரும்பினனான்."

"நான் வந்திருக்க வேணும்."

"விசரி. நீ கூட வந்திருந்தா உன்ர காலைச் சாட்டி நான் இறங்கியிருப்பன்."

லைன் அறுந்தது.

"என்னவாம்?" அம்மா.

"தாண்டிட்டாவாம்."

அம்மா அடுப்பை நிறுத்தினார். சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு முதல் தடவையாக என் காலைப் பார்த்து, "உந்தக் காலை ஏன் கீழ தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கிறாய்? தலாணியில தூக்கி வை," என்றார்.