விரிசல் விட்ட பல்வளையம்

அன்புள்ள அப்பாவுக்கு,

சேரன் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? நான் மஸ்கட்டில் நலம். போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

மணமேல்குடிக்காரர் ஆத்மநாதன் அண்ணன் தன் பழைய காரை எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார். பிரேக் போடும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் எச்சரிக்கை விளக்கு அணையவே இல்லை. சென்சாரை மாற்றியும் எரிந்தது. சக்கரத்தைக் கழற்றினால், சென்சார் வேகத்தை அறியும் பல்வளையம் துருவேறி விரிசல் விட்டிருந்தது. புதியது வரும்வரை வண்டியை விட்டுப்போகச் சொன்னேன்.

"பிரேக்குதான் பிடிக்குதேப்பா, மெதுவாப் போய்க்கிறேன்" என்று எடுத்துப்போனார்.

மறுநாள் மழையில் பிரேக்கை மிதித்ததும் சக்கரங்கள் இறுகி, கார் வழுக்கி லாரியில் மோதியது. அவர் பிழைத்தார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி சொர்ணவல்லி அக்கா இறந்துவிட்டார்கள்.

நொறுங்கிய காரை எங்களிடமே இழுத்துவந்தார்கள். நேற்று அண்ணன் வந்து அதைத் தொட்டபடி கேட்டார்: "தம்பி, வண்டிய இங்கிட்டே விட்டுட்டுப் போயிருந்தா அவ இருந்திருப்பாளா?"

இருந்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. "தெரியலைங்கண்ணே" என்றேன்.

அப்பா, நம் காரிலும் அந்த விளக்கு எரிவதாக அம்மா சொன்னார்கள். புதுக்கோட்டையில் காட்டிச் சரிசெய்யும்வரை இருவரும் பஸ்ஸிலேயே போய்வாருங்கள். ஏறி உட்கார்ந்ததும் எனக்குப் போன் பண்ணுங்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பண்ணுங்கள்.

உள்ளே கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உங்கள் மகன்
சேரன்